‘நீ ஏன் அங்கே போனாய்?’

வேளச்சேரியில் வசிக்கும் ஒரு தந்தையின் கேள்வி இது. அவருடைய 20 வயது மகள் திருவான்மியூரில் வேலை முடித்து, இரவு ஒன்பதரை மணி வாக்கில் பறக்கும் ரயிலில் வந்து இறங்குகிறாள். “அந்த நேரத்தில் தனியாக வராதே” என்று இவர் சொன்னால், “பாதிக்கப்படுகிறவளையே குறை சொல்கிற ஆள்தானே நீங்களும்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போ என்று சொல்வது திருடனுக்கு வக்காலத்து வாங்குவதாகுமா, தன் பாதுகாப்பில் பெண்ணுக்குப் பொறுப்பே கிடையாதா, நல்ல மனிதர்கள்கூட ஏன் பாதிக்கப்பட்டவளைக் குறை சொல்கிறார்கள் என்று கேட்கிறார்.

ஐயா, சென்னை நீதிமன்றங்களில் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களுக்கு எதிரான குற்ற வழக்குகளை நடத்திவருபவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். மகளை எச்சரிப்பது பழி சொல்வது ஆகாது; அந்த அளவில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் மகளும் காரணமில்லாமல் கோபப்படவில்லை. காலையில் அவள் கிளம்பும்போது “தனியாக வராதேம்மா” என்றால் அது அக்கறை. அதே சொற்களை, ஏதோ நடந்துவிட்ட பிறகு “தனியா வராதேன்னு சொன்னேனா இல்லையா?” என்று திருப்பிச் சொன்னால் அது தீர்ப்பு. இந்த ஊரில் வளர்ந்த எந்தப் பெண்ணும் இரண்டாவது வாக்கியத்தைத் தன் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு முறையாவது கேட்டிருப்பாள். ஆகவே நீங்கள் காலையில் சொல்வதையே, நாளை ஏதாவது நடந்தால் சொல்வதற்காக இன்றே எழுதிவைத்த தீர்ப்பாக அவள் எடுத்துக்கொள்கிறாள். அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரியும்படி நீங்கள் எதுவும் சொன்னதில்லை என்றே நினைக்கிறேன்.

பூட்டு உவமையை நான் வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது என்பதால் சற்று நின்று பார்ப்போம். கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போனவர் வீட்டில் திருட்டுப் போனால், புகார் வாங்கும் எஸ்.ஐ. “ஏன் சார் பூட்டல?” என்று கேட்கக்கூடும். ஆனால் “நீங்கள் பூட்டவில்லை, ஆகவே இது திருட்டே இல்லை, நீங்களாகவே நகையை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள்” என்று எந்த எஸ்.ஐ.யும் சொல்வதில்லை. பாலியல் வன்முறையில் நடப்பது துல்லியமாக இதுதான். கவனக்குறைவு என்று தொடங்குகிற பேச்சு, பத்து நிமிடத்தில் சம்மதம் என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ‘அந்த நேரத்தில் அங்கே போனாள்’ என்பது ‘அவளுக்கும் விருப்பம் இருந்திருக்கும்’ என்றாகிறது. நகைக்கு அந்த நிலை வருவதில்லை. இன்னொன்று, பூட்டு கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள். பெண்ணிடம் பூட்டாகக் கேட்கப்படுவதோ அவளுடைய மாலை நேர வேலை, டியூஷன், தோழி வீட்டுத் திருமணம், சில குடும்பங்களில் கல்லூரிப் படிப்பே.

சட்டத்தில் ‘அடிபட்டவருடைய பங்கு’ என்ற கணக்கு இல்லாமல் இல்லை. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள் நடக்கின்றன. தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டி அடிபட்டவருக்கு, அவருடைய கவனக்குறைவுக்கென்று இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிப்பதுண்டு. அது பணத்தை யார் எவ்வளவு ஏற்பது என்ற உரிமையியல் கணக்கு. குற்றவியல் சட்டத்தில் அந்தக் கழித்தல் கிடையாது. கொலை வழக்கில்கூட, இறந்தவர் கடுமையாகவும் திடீரெனவும் ஆத்திரமூட்டினார் என்று நிரூபித்தால் குற்றத்தின் தரம் குறையும். அதற்குச் சட்டத்திலேயே விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது. பாலியல் வன்புணர்வுக்கு அப்படி ஒரு விதிவிலக்கு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இல்லை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. உடை ஆத்திரமூட்டியது, நேரம் ஆத்திரமூட்டியது என்ற வாதத்துக்கு நுழைய ஒரு சந்துகூட விடப்படவில்லை. சட்டப் புத்தகத்தில் இல்லாத அந்த விதிவிலக்கைத் தெருவும் குடும்பமும் சில சமயம் நீதிமன்றமுமே கூடிச் சேர்த்துவிடுகின்றன என்பதுதான் என் தொழிலில் நான் கண்ட பெரிய அநியாயம்.

நம் மொழியிலேயே இதற்கென்று உருப்படிகள் தயாராக இருக்கின்றன. ‘ஊசி இடம் கொடுத்தால்தானே நூல் நுழையும்’ என்பதை எத்தனையோ பஞ்சாயத்துகளில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். ‘முள் சேலையில் விழுந்தாலும் சேலை முள்ளில் விழுந்தாலும் கிழிவது சேலைதான்’ என்பது அறிவுரை போலத் தோன்றும். உண்மையில் முள்ளை வெட்டுவது யார் வேலை என்ற கேள்வியை அது எழவே விடுவதில்லை. அகலிகை கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவங்கள் பல இருந்தாலும், கணவனின் உருவத்தில் வந்து ஏமாற்றியவன் இந்திரன் என்பதில் பெரும்பாலான வடிவங்களுக்கு ஐயமில்லை. அவனுக்குக் கிடைத்த சாபம் பின்னர் ஆயிரம் கண்களாக மாறி அழகாகிவிட்டது. கல்லாகக் கிடந்தவள் அவள்.

நீதிமன்றம் இதில் சுத்தமான கையோடு இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 155ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவு, வன்புணர்வு வழக்கில் புகார் கூறும் பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவள் சாட்சியத்தின் நம்பகத்தன்மையைத் தகர்க்க எதிர்த்தரப்புக்கு அனுமதி தந்தது. அது 2002ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. அதாவது நான் கறுப்பு அங்கி அணிவதற்குச் சற்று முன்புவரை அது உயிரோடு இருந்தது. மகாராஷ்டிரத்தில் 1972ஆம் ஆண்டு காவல் நிலையத்துக்குள்ளேயே பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை மதுரா வழக்கு என்று அறியப்படுகிறது. உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர்களை விடுவித்தபோது சொன்ன காரணங்களில் முக்கியமானது, அவள் உடலில் காயம் இல்லை, அவள் எதிர்த்ததாகத் தெரியவில்லை என்பது. மறு ஆண்டு நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் நாடெங்கும் கிளர்ச்சியாகி, 1983இல் சட்டத்தைத் திருத்தவைத்தது. டெல்லி பேருந்துக் கொடுமைக்குப் பின் 2013இல் வந்த திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசியது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. சம்மதம் இருந்ததா என்ற கேள்வியில் அவளுடைய நடத்தையோ முந்தைய பாலியல் அனுபவமோ பொருட்டே அல்ல. புதிய சாட்சியச் சட்டத்தின் 48ஆவது பிரிவிலும் அதுவே இருக்கிறது.

சட்டம் மாறியது, கேள்வி கேட்கும் கலை மாறவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். அல்லிக்குளம் வளாகத்தில் மூடிய அறைக்குள் ஒரு குறுக்கு விசாரணை. புகார் கொடுத்தவளுக்கு 22 வயது. சான்றிதழ் ஒன்றை வாங்கிப் போகுமாறு தெரிந்தவர் அழைத்ததால் அவர் வீட்டு மாடிக்குப் போனவள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூத்தவர், குரலை உயர்த்தாதவர். அவர் உடையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் நீதிபதி தடுப்பார் என்று அவருக்குத் தெரியும். மிகவும் பணிவாக, “செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனீர்களா, போட்டுக்கொண்டே போனீர்களா?” என்று கேட்டார். கழற்றிவிட்டுத்தான் போனேன் என்றாள். “அவசரமில்லாமல், நிதானமாகக் கழற்றினீர்கள், அப்படித்தானே?” அறையில் இருந்த எல்லோருக்கும் அவர் எங்கே போகிறார் என்று புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. ஒரு நொடி கீழே பார்த்துவிட்டு, “எல்லார் வீட்லயும் செருப்பக் கழட்டிட்டுத்தான் சார் போவோம்” என்றாள். அவர் அடுத்த கேள்விக்கு நகர்ந்தார். மரியாதைக்குக் கழற்றிய செருப்பைச் சம்மதத்துக்குச் சாட்சியாக வாசலில் நிறுத்திவைக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தாய் வெளியே மர பெஞ்சில் ஆவின் பால் கவரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகள் வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “மாடிக்கு நீ ஏன்டி போன?” என்பதுதான். அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. அவள் அந்தக் கேள்வியை ஒன்றரை ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், பெரும்பாலும் தன்னிடமே.

நானும் இதைச் செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், தம்புச் செட்டி தெருவில் என் சீனியரின் அறைக்கு ஒரு பெண் வந்தாள். நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எஃப்.ஐ.ஆர். தாமதம் வழக்கைக் கெடுக்குமே என்ற தொழில் கவலையில், அவள் உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா உடனே சொல்லல?” என்பது. கையில் வைத்திருந்த தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, “அப்புறம் வரேன் மேடம்” என்று எழுந்தாள். வரவில்லை. குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தது. இத்தகைய குற்றங்களில் வெட்கமும் அச்சமும் குடும்ப மானம் பற்றிய கவலையும் புகாரைத் தாமதப்படுத்தும், அந்தத் தாமதத்தை மட்டும் வைத்துச் சந்தேகிக்கக் கூடாது என்று. தீர்ப்பு என் அலமாரியில் இருந்தது, கேள்வி என் வாயில் இருந்தது.

‘ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை’ என்பதற்கும் இன்று அறிவியல் விடை உண்டு. ஸ்டாக்ஹோம் நகரில் வன்புணர்வுக்கு ஆளானோருக்கான அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தாக்குதலின்போது உடல் உறைந்து அசைய முடியாத நிலையைக் கணிசமான அளவில் அனுபவித்ததாகத் தெரிந்தது. தெரு நாய் குரைத்துக்கொண்டு பாயும்போது கால் நகராமல் நின்ற அனுபவம் உள்ள எவரும் இதை ஆய்வு இல்லாமலே நம்பலாம்.

நல்ல மனிதர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். 1966இல் மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். தவறான விடை சொல்லும் ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி தரப்படுவதாகப் பார்வையாளர்களை நம்பவைத்தார். உண்மையில் அது நடிப்பு. அவளுடைய துன்பத்தை நிறுத்த வழி கிடைத்தவர்கள் அவள்மீது இரங்கினார்கள். வழியே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தவர்கள், மெல்ல மெல்ல அவளைப் பற்றித் தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமாக நடக்கிறது என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள அவளிடம் ஏதோ குறை இருந்தாக வேண்டியிருந்தது. ‘அவள் அங்கே போனாள், என் மகள் போக மாட்டாள்’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது இந்த நிம்மதிக்காகத்தான். அதில் குரூரத்தைவிடப் பயமே அதிகம். ஆனால் அதைக் கேட்கிற பெண்ணுக்கு இந்த வேறுபாடு ஒரு பயனும் தராது.

இனி நம் ஊரில், நம் கண் முன்னே நடந்ததைப் பார்ப்போம். 2024 டிசம்பர் 23 அன்று இரவு, கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி தாக்கப்பட்டார். தான் படிக்கும் வளாகம், சுற்றுச்சுவரும் காவலர்களும் உள்ள இடம். அவர் புகார் கொடுக்கத் தயங்கவில்லை. ‘பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும்’ என்று நாம் கேட்பதையெல்லாம் அவர் செய்தார். இரண்டு மூன்று நாட்களுக்குள் அவருடைய பெயரும் தொடர்பு விவரங்களும் அடங்கிய எஃப்.ஐ.ஆர். கைபேசிகளில் சுற்றத் தொடங்கியது. ஊர் முழுவதும் கேட்ட கேள்வியோ, ‘ராத்திரியில் ஆண் நண்பனோடு அங்கே என்ன வேலை?’ என்பது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, எஃப்.ஐ.ஆர். கசிந்ததால் ஏற்பட்ட பாதிப்புக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. அவரிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட மொழியே அந்தப் பெண்ணின் மீது பழி சுமத்த வழி செய்தது என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். 2025 மே மாதம் மகளிர் நீதிமன்றம் தாக்கியவனைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பின்றிச் சிறையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆயுள் தண்டனை விதித்தது. சம்பவம் நடந்து ஆறு மாதம்கூட முடியவில்லை. நம் நீதிமன்றங்களில் இது அபூர்வமான வேகம்.

எஃப்.ஐ.ஆர். மொழி என்ன பெரிய விஷயம் என்று வழக்கறிஞர் அல்லாதவர்களுக்குத் தோன்றலாம். புகார் தருபவர் நடுங்கும் குரலில் முன்னும் பின்னுமாகச் சொல்வதை ஒருவர் கேட்டு, எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்குகிறார். பெண்ணின் வாய்மொழியைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எழுதுபவர் எதைக் கேட்டார் என்பதைப் பொறுத்துத்தான் தாளில் எது இருக்கும் என்பது அமைகிறது. எங்கே நடந்தது, எப்போது, யார், எப்படி வந்தான், என்ன சொல்லி மிரட்டினான், இவையெல்லாம் புலனாய்வுக்குத் தேவை. ‘ஏன் அங்கே இருந்தீர்கள்’ என்பது தேவையே இல்லை. அவள் அங்கே இருந்தாள் என்ற உண்மை போதும். ஆனால் அந்த ‘ஏன்’ கேட்கப்பட்டுவிட்டால், அதற்கு அவள் சொல்லும் பதில் அவள் கொடுத்த வாக்குமூலமாகவே பதிவாகி, விசாரணை முடியும்வரை அவளைத் துரத்தும். ஜூனியர்களிடம் நான் சொல்வது இதுதான்: எங்கே, எப்போது, எப்படி என்பவற்றை இவளிடம் கேளுங்கள்; ‘ஏன்’ என்ற ஒன்றை மட்டும் அவனுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. பழி சொல்லாதீர்கள் என்றால், புகார் சொன்னதும் கேள்வியின்றி நம்பித் தண்டித்துவிடுங்கள் என்று பொருளல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்ற அனுமானத்தில்தான் விசாரணை தொடங்குகிறது. நேரத்தையும் இடத்தையும் கைபேசிப் பதிவுகளையும் முரண்பாடுகளையும் எதிர்த்தரப்பு துருவித்தான் ஆக வேண்டும். நானே எதிர்த்தரப்பில் நின்றும் வாதாடியிருக்கிறேன். ‘நடக்கவில்லை’ என்று வாதிடலாம், ‘நான் இல்லை’ என்று வாதிடலாம். ‘நடந்தது, ஆனால் அவள் அப்படிப்பட்டவள்’ என்பது மட்டும் வாதமே அல்ல. 2021இல் அபர்ணா பட் வழக்கில், பெண்ணின் உடை, நடத்தை, பழக்கவழக்கம் பற்றி ஜாமீன் உத்தரவுகளில் கருத்துச் சொல்லக் கூடாது என்று நீதிபதிகளுக்கு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2023 ஆகஸ்டில் பாலின முன்முடிவுகளைக் களைய ஒரு கையேட்டையே வெளியிட்டது. அதற்குப் பிறகும் 2025இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் ஒரு ஜாமீன் உத்தரவு, மதுவிடுதிக்குப் போன மாணவி தானே ஆபத்தை வரவழைத்துக்கொண்டார் என்று எழுதியது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. கையேடு அலமாரிக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நான் என் கதையிலேயே சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் அறிவுரையின் உள்ளடக்கத்துக்கு வருகிறேன். பழி ஒருபுறம் இருக்கட்டும், அது அவளைக் காப்பாற்றுமா என்பதே என் ஐயம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்கு 95க்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர். திருமணம் செய்வதாக ஏமாற்றியதாகத் தொடரப்படும் வழக்குகளும் அந்தக் கணக்கில் சேர்கின்றன என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவற்றைத் தனியே வைத்தாலும், இருட்டுச் சந்தில் பதுங்கியிருக்கும் முகம் தெரியாதவன் என்ற நம் கற்பனை தலைகீழானது என்பது மாறாது. 2018 ஜூலையில் அயனாவரத்தில் வெளிவந்த கொடுமையை மறந்திருக்க மாட்டீர்கள். காது கேளாத 11 வயதுச் சிறுமி. நடந்த இடம் அவள் வசித்த அடுக்குமாடிக் குடியிருப்பு. கைதானவர்கள் 17 பேர், அங்கேயே காவலாளி, லிப்ட் இயக்குபவர், குழாய் வேலை செய்பவர் என்று வந்துபோனவர்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அந்தக் குழந்தைக்கு என்ன உடையை, எந்த நேரத்தை அறிவுரையாகச் சொல்லியிருப்போம்? அவள் வீட்டில்தான் இருந்தாள்.

பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிப் படம் பிடித்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கும் அதையே காட்டியது. மிரட்டியவர்கள் நம்பியது கேமராவை மட்டுமல்ல. ‘வீட்டில் தெரிந்தால் என்னைத்தான் கேட்பார்கள்’ என்ற அந்தப் பெண்களின் அச்சத்தையும் முதலீடாக வைத்தே அவர்கள் ஆண்டுக்கணக்கில் தொழில் செய்தார்கள். 2019இல் ஒருத்தி புகார் கொடுத்தபோது அவள் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியில் சொன்னார், அரசாணையிலும் அது அச்சாயிற்று. அடையாளத்தை வெளியிடுவதே குற்றம் என்று சட்டம் 1983 முதல் சொல்லிவருகிறது. அவ்வளவுக்குப் பிறகும் எட்டுப் பெண்கள் துணிந்து நின்றதால்தான் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை கிடைத்தது. குடும்பம் கேட்காமல் விட்ட ஒவ்வொரு ‘ஏன் போனாய்’க்கும் அந்தத் தீர்ப்பில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

தனிமனிதப் பொறுப்பு என்று பேசினால் அதை முழுமையாகப் பேச வேண்டும். உங்கள் மகள் இறங்கும் பறக்கும் ரயில் தடத்தின் நிலையங்களை நினைத்துப் பாருங்கள்: பேருந்து நிலையம் அளவுக்குப் பரந்த தளங்கள், கடைகள் வராமல் காலியாகக் கிடக்கும் கூடங்கள், நீண்ட படிக்கட்டுகள், அணைந்த விளக்குகள். அந்த இருட்டை உங்கள் மகள் கட்டவில்லை. கடைகளும் நிறுவனங்களும் நாள் முழுதும் திறந்திருக்க 2019இல் தமிழக அரசு அனுமதி தந்தபோதே, இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்கினால் அவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பாதுகாப்பும் போக்குவரத்து ஏற்பாடும் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். அவளுடைய அலுவலகத்தில் அந்தக் குழுவின் தலைவர் யார் என்று அவளுக்குத் தெரியுமா? உங்களுக்கு மகன் இருந்தால், அவன் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களைப் பற்றி என்றாவது கேட்டதுண்டா? 1998இல் இந்த நகரத்தில் ஒரு கல்லூரி மாணவி துன்புறுத்தலுக்குப் பலியான பின் வந்த மாநிலச் சட்டத்துக்கு ‘ஈவ் டீசிங்’ தடுப்புச் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். ஏவாளைத்தான் பெயரில் போட்டார்கள், சீண்டியவனை அல்ல. பின்னர் அதைப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று மாற்ற வேண்டிவந்தது.

ஆகவே மகளிடம் என்ன சொல்வது? நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் தடையாகச் சொல்லாமல் ஏற்பாடாகச் சொல்லுங்கள். “ஒன்பதே கால் வண்டியில் ஏறினதும் ஒரு மெசேஜ் போடு, நான் ஸ்கூட்டரோடு நிலைய வாசலில் நிற்கிறேன்” என்பதும் எச்சரிக்கைதான். அதோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தாலும், ஏதாவது நடந்தால் முதலில் எனக்குப் போன் பண்ணு. ஏன் போனாய் என்று நான் கேட்க மாட்டேன்.” இதைச் சொல்லிவைத்த வீட்டுப் பெண்கள் சீக்கிரம் வருகிறார்கள் என்பது என் அனுபவம், அதனால் சான்றுகள் அழியாமல் கிடைக்கின்றன. மூன்று வாரம் கழித்து வருகிறவர்களிடம் பெரும்பாலும் துவைத்த துணிதான் இருக்கும்.

கடைசியாக, எந்த வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய சில நடைமுறைகள். 112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கு 1098, இவை எந்த நேரமும் எடுக்கும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. இத்தகைய குற்றத்துக்கு புகார் வந்ததற்கு அடையாளமான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினால் ஏற்காதீர்கள், எஃப்.ஐ.ஆர். பதிய மறுப்பதே அந்த அதிகாரிக்குத் தண்டனைக்குரிய குற்றம். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தந்தாக வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் கொண்டுவா என்று காத்திருக்க வைக்கக் கூடாது. முந்தைய பாலியல் அனுபவத்தைக் கண்டறிவதாகச் சொல்லிச் செய்யும் இருவிரல் பரிசோதனைக்கு யாருக்கும் உரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 2022இல் அதை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்துவிட்டது. முடிந்தால் குளிப்பதற்கு முன் போகட்டும், குளித்துவிட்டிருந்தாலும் போகட்டும். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். பையின் மேல் தேதியும் நேரமும் எழுதுங்கள். அதை எழுதும் கை உங்களுடையதாக இருக்கட்டும், அவளுடையதாக வேண்டாம்.